பாவாடைக்குத் தனி மேசை

வேலை முடிந்து மேஸ்திரி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, அவர் மனைவி தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, இன்னொருவன் இடுப்பைச் சுற்றி டேப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இன்னொருவன் யாரோ இல்லை. மாடி அறையில் குடியிருக்கும் நெட்டைதான். மூவருக்கும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை. மேஸ்திரி இஸ்திரி மெஷின்களுக்குத் தலைவர், நெட்டை அதில் ஒரு மெஷினில் நிற்பவன், அவள் துணி மடிக்கும் மேசையில் நிற்பவள். இப்போது நெட்டையின் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் புத்தம் புது நீலப் பாவாடை தொங்கியது.

"என்னடி கூத்து இது?"

அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டுத்தான் பதில் சொன்னாள். "பார்த்தா தெரியலையா? ஓரம் மடிக்கிறேன்."

"ஆம்பளைக்கா?"

"பாவாடைக்கு."

நெட்டை திரும்பினான். "அண்ணே, ஆவி அடிச்சுத் தொடை வெந்துபோச்சில்ல. பேன்ட் போட்டா உரசி உயிர் போச்சு. அக்கா அவங்க பழைய பாவாடை ஒண்ணு குடுத்தாங்க. ரூம்ல அதைத்தான் கட்டிக்கிட்டுக் கிடந்தேன்."

அவள் பழைய பாவாடை. மேஸ்திரி செருப்பைக் கழற்ற மறந்து இரண்டடி உள்ளே வந்தார்.

"புண்ணு இன்னும் ஆறலையா?"

"ஆறிடுச்சு."

"அப்புறம் என்ன கேடு?"

"நல்லா இருக்குண்ணே. காத்து வருது, நடக்கவும் சுகமா இருக்கு. வேலைக்கே கட்டிட்டுப் போலாம்னு தோணுச்சு. நீங்களும் ஒரு தரம்..."

"வாயை மூடு."

அவள் பக்கவாட்டுத் தையலைத் தட்டினாள். "பாக்கெட் ஆழம் போதுமா பாரு." நெட்டை கையை விட்டான். மணிக்கட்டு வரைக்கும் போயிற்று. "உங்க பாவாடையில பாக்கெட் இல்லையேக்கா?" என்றான். "எனக்கு யாரு வச்சுக் குடுத்தா?" என்று சொல்லி அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் மேஸ்திரியைக் கடித்தது. கல்யாணமான புதிதில் அவருக்கு ஒரு பேன்ட் தைத்துத் தருவதாகச் சொன்னாள். உன் தையல் நிற்காது என்று சொல்லிக் கடைத்தெருத் தையல்காரனிடம் கொடுத்துவிட்டார். அதன்பிறகு அவள் கேட்கவும் இல்லை, இப்படிச் சிரித்ததாக அவருக்கு ஞாபகமும் இல்லை.

மறுநாள் நெட்டை பாவாடையோடு தெருவில் இறங்கினான். தெரு சும்மா விடுமா? சவரக்கடைக்காரர் பாதி மழித்த கன்னத்தை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கை தட்டின. வெல்டிங் பட்டறைக்காரன் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, "என்ன தங்கச்சி, தனியா போறே?" என்றான்.

"ஆமாண்ணே. துணைக்கு வர்றீங்களா?" என்றான் நெட்டை.

பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தது நெட்டையைப் பார்த்து அல்ல. வெல்டிங்காரன் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வேலைக்குக் குனிந்தான்.

மேஸ்திரி வழக்கம்போல முன்னால் நடந்தார். மனைவி பின்னால் வருவாள், அதுதான் இத்தனை வருஷப் பழக்கம். அன்றும் பின்னால்தான் வந்தாள். ஆனால் நெட்டையோடு சேர்ந்து, பேசிக்கொண்டே வந்தாள். என்ன பேசுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்க மேஸ்திரியின் கழுத்துத் துடித்தது. திரும்பினால் மரியாதை போய்விடும். திரும்பாமல் போனாலோ நெஞ்சு வேகிறது. தடித்த பேன்ட்டுக்குள் தொடையும் வெந்தது. அந்தப் பயல் காற்று வாங்கிக்கொண்டு வருகிறான் என்பதும் அந்த எரிச்சலில் ஒரு பங்கு. அதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லமாட்டார்.

ஒரு வாரத்தில் தெருவுக்குச் சலித்துவிட்டது. பெண்கள் நெட்டையை நிறுத்தி, அந்தப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்து, மேஸ்திரி மனைவியிடம் தங்கள் பாவாடைகளுக்கும் பாக்கெட் வைக்கக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மேஸ்திரிக்குத்தான் சலிக்கவில்லை.

"மானம் போகுது. அவன்கூட நடக்காதே" என்றார் வீட்டில்.

"யாரு மானம்?"

"பொம்பளைத் துணியைக் கட்டிக்கிட்டுத் தெருவுல திரியறான். கேவலமா இல்ல?"

அவள் தையல் மெஷினை நிறுத்தினாள். "அதே துணியைக் கட்டிக்கிட்டு அதே தெருவுலதான் நானும் நடக்கறேன். அது கேவலமான துணின்னா இத்தனை வருஷமா என்னை ஏன் கட்டச் சொன்னீங்க?"

பதில் இல்லாத ஆண்பிள்ளை என்ன செய்வான்? தன்னைவிடப் பெரிய ஆண்பிள்ளை ஒருவனிடம் போய் நிற்பான். மேஸ்திரி மேனேஜரிடம் போய் நின்றார்.

"சார், பாவாடையைக் கட்டிக்கிட்டு மெஷின்ல நிக்கறான். பார்க்க நல்லாவா இருக்கு? வீட்டுக்கு அனுப்பிடுங்க."

மேனேஜர் சிரித்தார். மேனேஜர் சிரித்தால் நம் ஜேபியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். மேஸ்திரிக்கு அன்று அது தோன்றவில்லை.

"வீட்டுக்கு ஏன்யா அனுப்பணும்? நல்ல வேலைக்காரன். பாவாடை கால் மிதியில மாட்டிக்கும்னுதானே பொம்பளைங்களை மெஷின்ல விடறதில்ல? அதே சட்டம் அவனுக்கும். மேசைக்கு அனுப்பு. மேசைக் கூலி போடு."

மெஷின் பக்கம் தரை காய்ந்திருக்கும், தலைக்கு மேலே விசிறி ஓடும், கூலியும் கூட. மேசைப் பக்கம் கால் எப்போதும் ஈரத்தில், கூலி பாதிக்குக் கொஞ்சம் மேலே. நெட்டைக்கு முகம் செத்துவிட்டது. "ஒரு வாரமா மிதிச்சேனேண்ணே, எங்க மாட்டுச்சு?" என்றான். கேட்டுவிட்டுப் போய் மேசையில் நின்றான். பாவாடையை மட்டும் கழற்றவில்லை.

சலவைக்கு வரும் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதற வேண்டும், பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும், முனையோடு முனை சேரும்போது விரலோடு விரல் சேரும். விலகி, மறுபடி குனிந்து எடுத்து, மறுபடி நடந்து, மறுபடி விரல். நெட்டைக்கு ஜோடியாக வாய்த்தவள் மேஸ்திரியின் மனைவி.

நெட்டை விட்டுப்போன மெஷினில் நின்றபடி மேஸ்திரி அதைப் பார்த்தார். எவ்வளவு விரிப்பு! அந்த ஆஸ்பத்திரியில் அத்தனை நோயாளிகளா? ஊரில் எவனுக்கும் உடம்பு சரியில்லாமல் போகக் கூடாது என்று முதன்முதலாக ஆசைப்பட்டார். ஒரு தலையணை உறை அவர் கையில் கருகிப்போயிற்று.

அன்று சாயங்காலமே மேனேஜரிடம் ஓடினார். "சார், அவனை மெஷினுக்கே எடுத்துக்குங்க."

"காலையில வேற சொன்னியே."

"ஆள் பத்தல சார்."

"பேன்ட் போட்டுட்டு வந்தா மெஷின். பாவாடைன்னா மேசை. இங்க துணிதான் கணக்கு, போய்ச் சொல்லு."

மேஸ்திரி வீட்டுக்கு வந்து, மாடிப்படியில் உட்கார்ந்திருந்த நெட்டையிடம் அதை வரி மாறாமல் சொன்னார். "அடம் பிடிக்காதே. நாளைக்குப் பேன்ட் போட்டுட்டு வா. மெஷின் உனக்கு, முழுக் கூலி. துணிதான் கணக்குன்னு மேனேஜரே சொல்லிட்டாரு."

"நான் மாத்தலண்ணே."

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவள் ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள்.

"துணிதான் கணக்கா?" என்றாள்.

"ஆமாடி. உனக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. கேட்டேன்."

மறுநாள் காலையில் அவள் அவருக்கு முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தாள். மேஸ்திரி கூடத்துக்குள் நுழைந்தபோது மெஷின்கள் நடுவே ஒரு சின்னக் கூட்டம். நெட்டையின் மெஷினில் அவர் மனைவி நின்றிருந்தாள், பேன்ட் போட்டுக்கொண்டு. அவள் பின்னால் மேசைப் பெண்கள் நாலைந்து பேர், அவர்களும் பேன்ட்டில். அண்ணனுடையதோ புருஷனுடையதோ, இடுப்பில் கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள். நெட்டை பாவாடையோடு மேசையில் தனியாக நின்று, ஒரு விரிப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மேஸ்திரியின் கண் அவள் காலுக்குப் போனது. அந்தப் பேன்ட் அவருக்குத் தெரியும். நெட்டையுடையது. அளவாக வெட்டிச் சீராக ஓரம் மடித்திருந்தாள்.

"அவன் பேன்ட்டா உனக்குக் கிடைச்சுது?" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

"உங்களுது கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

மிதியை மிதித்தாள். மெஷின் வாயை மூடியது, ஆவி சீறியது, திறந்தபோது விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது. இத்தனை வருஷமும் மேசையிலிருந்தே பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். இளித்துக்கொண்டிருந்த மெஷின்காரர்கள் இளிப்பை நிறுத்திவிட்டார்கள்.

கூடத்து மாடியிலிருந்த தன் அறைக் கண்ணாடி வழியாக மேனேஜர் பார்த்துவிட்டார். பாதிப் படி இறங்கி மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"உன் சம்சாரந்தானே அது? ஆரம்பிச்சு வச்சது நீ. இப்ப கேட்டுக்க. துணியெல்லாம் கணக்கே இல்ல. எவன் எதைக் கட்டினா எனக்கென்ன? ஆம்பளை மெஷினுக்கு, பொம்பளை மேசைக்கு. நெட்டையைப் பாவாடையோடவே மெஷினுக்குக் கூப்பிடு, அவனுக்குப் பழைய கூலியே. இவளுங்களை மேசைக்கு விரட்டு. போய்ச் சொல்லு."

மேஸ்திரி படியடியில் நின்றார். அவர் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. நெட்டை மெஷினுக்கு வந்துவிடுவான், இவள் மேசைக்குப் போய்விடுவாள், இரண்டுக்கும் நடுவே கூடத்தின் முழு நீளமும் இருக்கும். விரலோடு விரல் சேராது. போய்ச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

போனார். மேனேஜர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேசைக்குப் போகச் சொல்றாரு" என்றார் மேஸ்திரி.

அவள் ஒரு விரிப்பை எடுத்து மெஷினில் பரப்பினாள். மூலைகளை இழுத்துவிட்டாள். பாவாடை மிதியில் மாட்டும் என்று சொல்ல வழியில்லை, அவள் போட்டிருப்பது பேன்ட். துணிதான் கணக்கு என்று நேற்றுச் சொன்ன வாயும் அவருடையதுதான். அவள் நிமிர்ந்து, வீட்டில் கூப்பிடுவதுபோல இல்லாமல், கூடத்தில் எல்லோரும் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க மேஸ்திரி. இன்னைக்கு என்ன காரணம்?"

பின்னால் நின்ற பெண்கள் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் படியை அண்ணாந்து பார்த்தார், மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் மிதியை மிதித்தாள்.