பினாங்கிலிருந்து வந்த பன்னிரண்டு பூ

அன்றைக்குச் சாவடியில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிற்பாடு யாரைக் கேட்டாலும், தான் அந்தப் பக்கமே போகவில்லை என்றுதான் சொன்னார்கள்.

நடுத்தூணில் முதுகைச் சாய்த்து, ஜமுக்காளத்தின் மேல் நாட்டாமை வீரையா. அவருக்கு வலப்பக்கம், திண்டில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவர் மச்சினன் குழந்தைவேலு. படிக்குப் பக்கத்தில், ஊரில் இருந்த ஒரே நாற்காலியில், பள்ளிக்கூடத்து வாத்தியார் சத்தியமூர்த்தி. காரைக்குடிக்காரர், தரையில் உட்கார்ந்தால் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். எதிர்வீட்டு நிலைவாசலில், பாதிக் கதவு மறைவில், பலகை போட்டு வீரையாவின் மனைவி வீரலட்சுமி. தபால்காரர் வீரணன் மட்டும் உட்காரவில்லை. கல்லல் தபாலாபீசிலிருந்து நடந்து வந்த புழுதிக் காலோடு ஓரமாக நின்றார். மேலத்தெரு ஆம்பளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் புளியமர நிழலில் இருந்தார்கள்.

அந்த நிழல் முடிகிற இடத்தில் ஒரு கல் நட்டிருந்தது. கல்லுக்கு அங்குட்டு, மாசி வெயிலில், கீழத்தெரு இருளாண்டியும் அவர் மருமகள் நாகவல்லியும் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கீழத்தெருக்காரர்கள் அந்தக் கல்லைத் தாண்டக் கூடாது.

நாகவல்லிக்கு அங்கிருந்தே தன் பூக்கள் தெரிந்தன. நாட்டாமையின் தலைப்பாகையில் நெற்றிக்கு நேராக வெள்ளைக் கல் பூ இரண்டு. வீரலட்சுமியின் கொண்டையில் பக்கத்துக்கு ஒன்றாகச் சிவப்புக் கல் பூ இரண்டு. குழந்தைவேலு தோள் துண்டை மார்பில் மடித்து, பிறை மாதிரி இரண்டைக் குத்தியிருந்தான். மீதி ஆறும் நாட்டாமை வீட்டுப் பெட்டகத்துக்குள் இருந்தன.

தை மாசக் கடைசியில் கல்லல் தபாலாபீசில் அவளே போய் வாங்கிவந்த பார்சல் அது. பினாங்கில் ஒரு சீனன் கடையில் வேலை பார்க்கிற அவள் புருஷன் சின்னச்சாமி அனுப்பியிருந்தான். தகரப் பெட்டி, உள்ளே நீல வெல்வெட்டு, அதில் ஜோடி ஜோடியாகப் பன்னிரண்டு பூ. ஒவ்வொன்றின் முதுகிலும் பல் வைத்த ஒரு சின்னக் கவ்வி. இரண்டு விரலால் அமுக்கினால் வாயைத் திறக்கும், விட்டால் கடிக்கும். கூடக் கடுதாசி எதுவும் இல்லை. இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் சிவப்பு ஜோடியைக் கொண்டையில் வைத்துக்கொண்டு உளுந்து பறிக்கப் போனாள்.

கீழத்தெருப் பொம்பளை தலையில் மின்னுகிற எதையும் வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. காலில் செருப்புப் போடக் கூடாது. அது மேலத்தெருவின் கட்டு. உச்சிப்பொழுதுக்குள் பெட்டி சாவடிக்கு வந்துவிட்டது.

"இது பெரிய தலைக்கு உண்டான நகை," என்றார் வீரையா அன்றைக்கு. "ஒங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"எனக்குன்னு அனுப்புனது சாமி. பின்னால கடுதாசி வரும்."

"வரட்டும். சபையில வச்சே வாசிப்போம். ஒனக்குன்னு எழுதியிருந்தா ஊர் யோசிக்கும். இல்லேன்னா களவுப் பொருள வச்சிருந்ததுக்கு ஒங்க குடும்பத்துக்கு இந்த ஊர் வயல்ல வேலை கிடையாது."

இப்போது கடுதாசி வந்திருந்தது. கீழத்தெருவுக்கு வருகிற கடுதாசியைச் சாவடியில்தான் கொடுக்க வேண்டும், வீரணன் கொடுத்துவிட்டார். வாத்தியார் உறையை ஓரமாகக் கிழித்து, தாளை நீவி, வகுப்பில் வாசிப்பது போல உரக்க ஆரம்பித்தார்.

"பினாங்கு, தை மாதம் இருபதாம் தேதி. அன்புள்ள மனைவி நாகவல்லிக்குச் சின்னச்சாமி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் க்ஷேமம். அவ்விடம் ஐயாவுடைய க்ஷேமத்துக்கும் உன்னுடைய க்ஷேமத்துக்கும் அடிக்கடி எழுதவும். முன்னால் அனுப்பிய தகரப் பெட்டியில் ஆறு ஜோடிப் பூ இருக்கும். எல்லாம் உனக்காக நான் வாங்கியது."

நாகவல்லி மூச்சை விட்டாள். இருளாண்டி அவள் பக்கம் திரும்பாமலே தலையை ஆட்டிக்கொண்டார்.

"சரி, களவு இல்லேன்னு ஆச்சு," என்றார் வீரையா. "கல்லு என்ன கல்லுன்னு எழுதியிருக்கானா?"

"எங்க வச்சிக்கிறதுன்னும் எழுதியிருப்பான் மச்சான்," என்றான் குழந்தைவேலு. "தலப்பாவுல ஒசத்தியா, கொண்டையில ஒசத்தியான்னு ஒங்க வீட்டுல ஒரு வழக்கு ஓடுதுல்ல."

"மாருல தொங்கவிட்டுக்கிட்டு அலையுறவனப் பத்தியும் எழுதியிருக்கும். பொறுத்துக் கேளு," என்றாள் வீரலட்சுமி வாசலிலிருந்து.

நிழலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. அவர் கண் இரண்டு வரி முன்னால் போய்விட்டிருந்தது. தாளை மடிக்கப் போனார்.

"மீதியெல்லாம் சொந்த விஷயம். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதுறது."

"சபையில என்னய்யா சொந்த விஷயம்? வாசிங்க," என்றார் வீரையா.

"வேண்டாமேன்னு பாக்குறேன்."

"ஒரு எழுத்து விடக் கூடாது வாத்தியாரே. நாங்க என்ன சின்னப் புள்ளைகளா?"

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். தாளை முகத்துக்கு நேராகத் தூக்கி, தன் முகம் வெளியே தெரியாதபடி பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"இந்தப் பூக்கள் இங்கேயுள்ள வெள்ளைக்காரத் துரைசானிமார் செருப்பில் மாட்டிக்கொள்ளுகிற பூக்கள். செருப்பு ஒன்றுதான். பூவை மட்டும் காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று, மாதா கோயிலுக்குப் போக ஒன்று என்று மாற்றிக்கொள்வார்கள். பின்னால் உள்ள கவ்வி செருப்பு வாரைக் கடித்துக்கொள்ளும். நீ தெரியாத்தனமாய்த் தலையில் வைத்துவிடாதே. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்."

 பொடி எடுத்த ஒருவர் விரலை மூக்குக்குப் பக்கத்தில் வைத்தபடியே இருந்தார். புளியம்பழம் ஒன்று உதிர்ந்து விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

 கல்லுக்கு இங்குட்டு உட்கார்ந்திருக்கிற தன்னைத்தான் இப்போது அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், எழுந்து வருவார்கள் என்று நாகவல்லி நினைத்தாள். ஒருவரும் திரும்பவில்லை. எல்லாரும் நாட்டாமையின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீரையாவின் கை மேலே கிளம்பிக் காது வரைக்கும் வந்து நின்றுவிட்டது. தொட்டால் செருப்புச் சாமானைக் கையால் தொட்டதாகும். தொடாவிட்டால் அது தலையிலேயே இருக்கும்.

"இதோட கண்டனூர்க் கல்யாணத்துக்குப் போனப்ப..." என்றார். "விசாலம் ஆச்சி என்னையப் பாத்து வாயில முந்தானைய வச்சிக்கிட்டு உள்ள போனாக."

"அவுக வீட்டுக்குப் பினாங்குல கடை இருக்குல்ல," என்றான் குழந்தைவேலு. "போயி இன்னும் நாலு ஆச்சிமாரக் கூட்டியாந்து காட்டுனாக மச்சான். நீங்க கூட நிமிந்து உக்காந்தீக."

சொல்லிவிட்டுத்தான் தன் மார்பைப் பார்த்தான். துண்டைப் பாம்பு விழுந்த மாதிரி உதறி எறிந்தான். வீரையா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். தலைப்பாகை சரிந்து, ஜமுக்காளத்தில் உருண்டு, படியில் இறங்கி, நாற்காலிக்குக் கீழே போய் நின்றது. வாத்தியார் இரண்டு காலையும் நாற்காலி மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

துண்டை எறியலாம், தலைப்பாகையைத் தள்ளலாம். கொண்டையை என்ன செய்வது?

வீரலட்சுமி எழுந்து தலையை உலுக்கினாள். கவ்வி இன்னும் இறுகியது. வேலைக்காரப் பெண்கள் இரண்டு பேர் சுவரோடு சுவராகப் பின்வாங்கினார்கள்.

"குழந்தை, வந்து எடுடா."

"நான் எப்பிடிக்கா தொடுறது? செருப்புச் சாமான்."

"ஒன் அக்கா தலடா இது."

"தல அக்காளுதுதான். பூவு செருப்போடதுல்ல."

யாரோ புளியம்பழம் பறிக்கிற தொரட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். வீரலட்சுமி பார்த்த பார்வையில் அது வந்த வழியே திரும்பிப் போனது. கொண்டையோடு நறுக்கிவிடலாமா என்று நிழலிலிருந்து ஒரு குரல் வந்தது. கழுத்தில் தாலியோடு இருக்கிறவள் தலைமுடியை நறுக்குவதா என்று பத்துப் பேர் அந்த ஆள் மேல் பாய்ந்தார்கள். வீரலட்சுமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவமானத்திலா வலியிலா என்று சொல்ல முடியாது.

கடைசியில் வீரையா, யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துக் கேட்டார்.

"ஏ புள்ள. அதத் தொறக்கத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் சாமி."

"வந்து எடு."

நாகவல்லி எழுந்திருக்கவில்லை. இருளாண்டிதான் பேசினார். "கல்லு இருக்கே சாமி."

"கல்லு இருக்கட்டும். தாண்டி வரச் சொல்லு."

அவள் எழுந்தாள். கல்லைத் தாண்டுகிறபோது எங்கிருந்தாவது ஒரு அதட்டல் வரும் என்று முதுகு காத்திருந்தது. வரவில்லை. மேலத்தெரு மண் நிழலில் குளிர்ந்து கிடந்தது. அது அவள் உள்ளங்காலுக்குப் புதுசு. வாசலில் போய் நின்றாள். வீரலட்சுமி முதுகைக் காட்டிக் கழுத்தைக் குனிந்தாள்.

ஒரு மேலத்தெருத் தலையை அத்தனை கிட்டத்தில் நாகவல்லி பார்த்ததில்லை. நல்லெண்ணெய் வாசம். வகிட்டில் இரண்டு நரை. பிடரியில் வேர்வை. சந்தையில் கயிறு மாற்றுகிற கன்றுக்குட்டி மாதிரி அந்தத் தலை நடுங்கிக்கொண்டிருந்தது. இடது கையால் கொண்டையைப் பிடித்துக்கொண்டு, வலது கை இரண்டு விரலால் கவ்வியை அமுக்கினாள்.

"மெதுவா, தாயி," என்றாள் வீரலட்சுமி.

நாகவல்லியின் விரல் நின்றுவிட்டது. அந்த வாயிலிருந்து இத்தனை வருஷத்தில் 'ஏடி' என்பதைத் தவிர வேறு வார்த்தை அவளுக்கு வந்ததில்லை. சொன்னவளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். கழுத்து இன்னும் கொஞ்சம் குனிந்தது. கவ்வி வாய் திறந்தது. ஒரு மயிர்கூட அறவில்லை. இரண்டாவதும் அப்படியே வந்தது.

பிறகு துண்டிலிருந்து இரண்டு, தலைப்பாகையிலிருந்து இரண்டு. வேலைக்காரப் பெண் தகரப் பெட்டியைக் கையால் தொடாமல் முறத்தில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினாள். பன்னிரண்டும் நீல வெல்வெட்டில் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

வீரையா வெறுந்தலையோடு உட்கார்ந்திருந்தார். "இந்தக் கடுதாசிய இங்க யாரும் வாசிக்கல. யாரும் கேக்கல. வீரணா, நீ இன்னைக்கு இந்தப் பக்கம் வரல."

"வரலீங்க."

"வாத்தியாரே?"

"எனக்கு முழங்கால் வலி. வீட்டுல படுத்திருக்கேன்," என்றார் வாத்தியார், நாற்காலி மேல் காலை மடக்கிக்கொண்டு.

"இருளாண்டி, இத வெளிய சொல்லுவியா?"

"எத சாமி?"

வீரையா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "நாளைக்கு வயலுக்கு வந்துருங்க," என்றார்.

கடுதாசியை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. வாத்தியார் அதை உறையில் போட்டு, பெட்டி மேல் வைத்து, நாகவல்லியிடம் கொடுத்தார்.

அவர்கள் மறுநாள் வயலுக்குப் போகவில்லை, கல்லலுக்கு நடந்தார்கள். தபாலாபீஸ் வேப்பமரத்தடியில் சாக்கை விரித்துக் கடுதாசி எழுதிக் கொடுக்கிற சோமுவிடம் நாகவல்லி உறையை நீட்டினாள்.

"இதுல பாதிதான் வாசிச்சாக. மீதிய வாசிங்க."

சோமு பூ பற்றிய இடத்தைத் தனக்குள் படித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினான். ஒன்றும் கேட்கவில்லை. கீழே வாசித்தான்.

"கல்லலுக்குப் போகிற வழியெல்லாம் உடைமுள் குத்துகிறது என்று நீ சொல்லுவாயே, அது எனக்கு மறக்கவில்லை. சீனனிடம் தையல் கற்றுக்கொண்டேன். உனக்கு என் கையால் ஒரு ஜோடிச் செருப்புத் தைக்கப் போகிறேன். ஒன்றுதான் தைக்க முடியும். அதனால்தான் ஆறு ஜோடிப் பூ. மாற்றி மாற்றி மாட்டினால் ஆறு செருப்பு வைத்திருக்கிற மாதிரி இருக்கும். உன் காலின் அளவு எனக்குத் தெரியாது. எத்தனையோ நாள் பார்த்த கால்தான், ஆனாலும் அளவு தெரியவில்லை. நூலால் அளந்து அனுப்பவும்."

நாகவல்லி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 

"இந்த மூணு வருஷத்துல ஊர மறந்துட்டான் பய," என்றார் இருளாண்டி. "செருப்பாவது, நம்ம காலுலயாவது. வேணாம்னு எழுதுங்க தம்பி. பூவே போதும்னு எழுதுங்க. நேத்துத் தப்புனது பெரிசு."

சோமு பேனாவை மையில் தொட்டு நாகவல்லியைப் பார்த்தான். "என்ன எழுத?"

 அவள் விரலை மோந்து பார்த்தாள். நல்லெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை.

"மாமா," என்றாள். "செருப்புப் போட்டு நடந்தா சபையக் கூட்டுவாகளா?"

"கூட்டாம?"

"கூட்டி என்ன கேப்பாக? செருப்புல என்னடி பூவுன்னு கேப்பாகளா?"

   இருளாண்டி மருமகளைப் பார்த்துக்கொண்டு சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"கேக்கமாட்டாகன்னு சொல்ல முடியாது ஆத்தா," என்றார். "நீ தனியா நடக்காத. நானும் கூட வாரேன்."

சேலைத் தலைப்பிலிருந்து நாகவல்லி நீளமாக ஒரு நூலை உருவினாள். உள்ளங்கால் புழுதியைத் தட்டிவிட்டு, குதிகாலில் நூல் முனையை வைத்துப் பெருவிரல் வரைக்கும் இழுத்து, ஒரு முடிச்சுப் போட்டாள். பாதத்தின் அகலத்துக்கு இன்னொரு முடிச்சு. வலது கால் கொஞ்சம் பெரிசாக இருந்தது. வலது காலையே அளந்தாள்.

"பெட்டி வந்துச்சுன்னு எழுதுங்க. பன்னெண்டும் பத்திரமா இருக்குன்னு எழுதுங்க. ஐயா சௌக்கியம். நூல் உள்ள இருக்கு."

"வேற? நேத்து நடந்தது?"

"அது வேணாம். அத யாரும் பாக்கல."

சோமு எழுதி முடித்து, நூலைத் தாளுக்குள் மடித்து, உறைக்குள் வைத்தான். பசையை அவளே வாங்கித் தடவினாள். ஓரம் தூக்காமல் இருக்கக் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாள். பிறகு எழுந்துபோய், சிவப்புப் பெட்டியின் வாயில் உறையை வைத்து, உள்ளே விழுந்த சத்தம் கேட்கிற வரைக்கும் கையை எடுக்காமல் நின்றாள்.