இரண்டாவது பாட்டில்

அன்று செம்மேட்டில் அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்காரர் காளியண்ணன், அவர் மனைவி பெருமாயி, மகள் சுமித்ரா. மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த தேவனூர் நாட்டிலிருந்து தாம்பூலம் மாற்ற வந்திருந்த மாப்பிள்ளை பூபதி, அவன் தாய் மாதம்மாள், தாய்மாமன் மாதேஸ்வரன். நடுவில் வெற்றிலைத் தட்டு. அதற்குப் பக்கத்தில் இரண்டு ஒயின் பாட்டில்கள். பெண்ணுக்குக் கொண்டுவந்த சேலையை உள்ளறையில் வைக்கப் போன மாதம்மாள், சுமித்ராவின் பையில் கண்டு எடுத்து வந்தவை.

“ஏனுங்க மச்சான், பொண்ணுக்குப் பெங்களூர்ல ஓட்டல் வேலைன்னீங்க,” என்றார் மாதேஸ்வரன். “ஊத்திக் குடுக்கற வேலைன்னு சொல்லலீங்களே.”

“அது மூட்டுவலித் தைலமுங்க அண்ணா,” என்று பெருமாயி முந்திக்கொண்டாள்.

“அப்படீங்களா தங்கச்சி? எனக்கும் முட்டி வலிக்குதுங்க. ரெண்டு சொட்டு ஊத்துங்க, தேச்சுக்கறேன்.”

பூபதி சிரித்துவிட்டான். தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

காளியண்ணன் முதுகைச் சுவரில் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார். சுற்றியுள்ள ஐந்து ஊருக்கும் கோயில் தேனைத் தேர்ந்து கொடுப்பது அவர் குடும்பம். வந்து சேரும் இருபது முப்பது குடத்தில் எது வருடக்கணக்காக நிற்கும், எது ஆடிக்குள் புளிக்கும் என்று அவர் நாக்கு சொல்லும். சொன்னதை மண்ணில் புதைத்த ஜாடிக்குள் ஊற்றி மூடுவார்கள். மறுகேள்வி கிடையாது. குடிக்கிற பெண்ணைப் பெற்றவன் நாக்கை இனி எந்த ஊர் நம்பும்? ஓட்டலில் என்ன வேலை என்று இரண்டு வருடமாக அவர் மகளைக் கேட்டதே இல்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

“தைலமில்லீங்க மச்சான். அவ பயத்துல சொல்றா,” என்றார். மகளிடம் திரும்பினார். “சாமி, நீயே சொல்லு.”

சுமித்ரா நிமிர்ந்தாள். “ஒயினுங்கப்பா. ஓட்டல்ல நெலவறை இருக்குது. எதை அங்க பத்து இருவது வருசம் படுக்க வெக்கலாம், எதை இப்பவே வித்துடணும்னு பாத்துச் சொல்றது என் வேலை. ரெண்டும் அபூர்வமான சரக்கு. இது வர்ற திராட்சைத் தோட்டத்துல வருசத்துக்கு முந்நூறு பாட்டில்தான். இதுல எதை வாங்கி வெக்கலாம்னு திங்கக்கிழமை சொல்லணும்.”

“குடிக்காம எப்படிக் கண்ணு சொல்லுவ?” என்றாள் மாதம்மாள்.

“வாயில வெச்சுத் துப்பிருவேனுங்க அத்தை. ஒரு நாளைக்கு நாப்பது பாக்கணும். விழுங்குனா நாக்கு பொய் சொல்லும்.”

“துப்பறாளாமா!” மாதேஸ்வரன் தொடையைத் தட்டினார். “எங்கூர் குடிகாரனுகளுக்கு இந்த ரோசனை தெரியாமப் போச்சே!”

காளியண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. கோயில் தேனை அவரும் விழுங்குவதில்லை. சாமிக்கு வைக்கும் முன் தொண்டையில் இறங்கினால் அது திருட்டு. நாக்கில் வைத்து, இலையில் துப்பி, வெந்நீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். மகளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தேன் பார்க்கும் இடத்துக்குப் பெண்களை அழைப்பதே இல்லை.

“தொற,” என்றார்.

“ஐயோ, வேண்டாமுங்க,” என்றாள் பெருமாயி.

சுமித்ரா இரண்டு தக்கையையும் திருகி எடுத்தாள். இரண்டு டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். முதலாவதை முகர்ந்து, வாயில் சுழற்றி, செம்பில் துப்பினாள். “இது இப்பவே இனிக்குது. ரெண்டு வருசத்துல செத்துரும்.” இரண்டாவதற்கு வெகுநேரம் எடுத்தாள். “இது நாக்கை இறுக்குது. பன்னெண்டு வருசம் தாங்கும்.”

“பன்னெண்டு வருசத்தை ஆரு கண்டா?” மாதேஸ்வரனின் குரலில் கேலி போயிருந்தது. “ஒரே பேச்சுங்க மச்சான். இந்த வேலைய உட்டுட்டேன்னு தட்டு மேல கை வெச்சுப் பொண்ணு சொல்லட்டும். இப்பவே மாத்திக்கலாம்.”

சுமித்ரா அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தால் அவள் கை வைத்துவிடுவாள். அது அவருக்குத் தெரிந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

எட்டி இரண்டாவது டம்ளரை எடுத்தார். வாழ்நாளில் தொடாத பொருள். பச்சைப் பாக்கைப் போலத் துவர்ப்பு கன்னத்தைப் பிடித்தது. அதற்குக் கீழே வளையாத ஒரு புளிப்பு. அதற்கும் கீழே இன்னும் திறக்காத ஏதோ ஒன்று. அதே செம்பில் துப்பினார். வெந்நீர் வாங்கிக் கொப்பளித்தார்.

“பன்னெண்டில்ல சாமி,” என்றார். “பதினஞ்சு.”

மாதம்மாள் எழுந்தாள். மாதேஸ்வரன் துண்டை உதறித் தோளில் போட்டார். இரண்டு முறை கூப்பிட்ட பிறகே பூபதி எழுந்தான். தட்டை ஒருவரும் தொடவில்லை.

காளியண்ணன் குடித்துவிட்டுச் சம்பந்தக்காரர்களைத் துரத்தினார் என்று செம்மேட்டில் இப்போது பேசிக்கொள்கிறார்கள். அவர் குடிக்கவில்லை. துரத்தவும் இல்லை. வேன் வரைக்கும் கூடவே நடந்துபோய், கதவைத் திறந்து பிடித்து, மூன்று பேருக்கும் கும்பிடு போட்டார். பூபதி மட்டும் திருப்பிக் கும்பிட்டான்.