ஆல்பர்ட்டின் வால்

கடைசிக் காலத்தில் நீ ஒரு பல்லிக்குப் புழு ஊட்டிக்கொண்டிருப்பாய் என்று யாராவது சொல்லியிருந்தால், க்ளைவ் ஆர்மரோட் அந்த ஆளைப் பாதி வழியிலேயே பஸ்ஸைவிட்டு இறக்கியிருப்பான். இங்கிலாந்தின் வடக்கே ஆக்ரிங்டனுக்கும் பர்ன்லிக்கும் நடுவே பஸ் ஓட்டியே தலை நரைத்தவன். வீட்டில் நாய், கிளி எதுவும் வைத்துக்கொண்டதில்லை. மனைவி பாலீன் ஒரு பூனை வேண்டும் என்று கேட்டபோது சோபாவெல்லாம் முடி கொட்டும் என்று மறுத்தான். பாலீன் பிறகு புல்தரையில் பந்துருட்டி விளையாடும் கிளப்பின் பொருளாளரோடு போய்விட்டாள். அங்கே இப்போது மூன்று பூனைகளாம்.

அவன் தெருவில் குடியிருந்த ஒரு குடும்பம் வாடகை கொடுக்க முடியாமல் ராவோடு ராவாகக் காலி செய்தது. வீட்டுக்காரன் அவர்கள் விட்டுப்போன சாமானையெல்லாம் அள்ளிப் பின்சந்தில் மழையில் கொட்டினான். ஈரக் கம்பளத்துக்கும் உடைந்த தொட்டிலுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் மணல், மணலில் காய்ந்த வாழைப்பழத் தோல் மாதிரி ஏதோ ஒன்று. க்ளைவ் குனிந்து பார்த்தான். அது ஒரு கண்ணைத் திறந்தது. சிறுத்தை மாதிரிப் புள்ளி போட்ட இந்தச் சிறுத்தைப் பல்லிக்குச் சுவர்ப் பல்லிகளுக்கு இல்லாத இமை உண்டு. மனுஷன் தூக்கத்தில் புரண்டு பார்ப்பது போல மெதுவாகத் திறந்து, 'நீயா, சரி' என்பது போல மூடிக்கொண்டது. அந்தப் பார்வையில் க்ளைவ் மனசைப் பறிகொடுத்துவிட்டான்.

தொட்டியோடு வீட்டுக்குத் தூக்கி வந்து, ஆல்பர்ட் என்று பெயர் வைத்தான். அதற்கப்புறம் தெரியாதவன் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தான். லெட்டூஸ் இலையை நறுக்கி வைத்தான், கிண்ணத்தில் பால் ஊற்றினான், குளிருமே என்று தன் பழைய கம்பளிக் காலுறையைப் போர்த்திவிட்டான். பக்கத்து வீட்டு பிரெண்டா ஹாஸ்லம் துணி உலர்த்த வந்தவள், முற்றத்துச் சுவருக்கு மேலே எட்டி, சன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டாள்.

"ஏ க்ளைவ்! அது என்ன, லெட்டூஸா? அதென்ன முயலா? பால் வேற வச்சிருக்க! பிஸ்கட்டு வைக்கலையா?"

"பிஸ்கட்டு திங்குமா?"

"கடவுளே. நகரு, நான் வரேன்."

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள் பிரெண்டா. குரலும் அந்த அளவுக்கு இருக்கும். அவள் வீட்டில் ஒரு சிறுத்தைப் பல்லி இருப்பது க்ளைவுக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இருந்தும், மழையைப் பற்றியும் குப்பை வண்டியைப் பற்றியும் தவிர அவர்கள் வேறெதையும் பேசியதில்லை.

அவளுடைய பல்லியின் பெயர் கிரேவி. மகன் ஷேன் வைத்த பெயர். ஷேன் மலைமேட்டு ரோட்டில் மோட்டார் சைக்கிளோடு போய்ச் சேர்ந்து ஆறேழு வருஷமாகிறது. அவன் துணி, ஷூ எல்லாவற்றையும் பிரெண்டா தர்மத்துக்காகப் பழசு விற்கும் கடையில் கொடுத்துவிட்டாள். கிரேவியைக் கொடுக்க மனசு வரவில்லை.

"முதல்ல பாத்தாலே குமட்டும் எனக்கு. இப்போ சாயங்காலம் ஆனா கையில ஏறி உக்காந்துக்கும். ஷேன் கையில வளந்தது இல்லையா. அவன ஞாபகம் வச்சிருக்க ஆளு ஊர்ல நான் ஒருத்திதான்னு நினைச்சேன். இவளும் இருக்கா." இதைச் சொல்லிவிட்டு பிரெண்டா மூக்கைச் சீந்திக்கொண்டு, "மணலைத் தூக்கி எறி முதல்ல. வயித்துல போய் அடைச்சுக்கும்" என்றாள்.

தொட்டிக்கு அடியில் வைக்கச் சூடு தரும் பாய், ஒரு தெர்மாமீட்டர், தவிட்டில் நெளியும் மாவுப்புழுக்கள் ஒரு டப்பா நிறைய, எல்லாம் அவள் கொடுத்தாள். ஒரே ஒரு சட்டம் போட்டாள்.

"பாரு கண்ணு, இவன் எங்கேருந்து வந்தான்னு தெரியாது. என்ன வியாதியோ. இவனைத் தொட்ட கையோட என் வாசப்படி மிதிக்காத."

க்ளைவ் அந்தச் சட்டத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி முழங்கை வரை சோப்புப் போட்டுவிட்டுத்தான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவான். சோப்புப் பட்டுப் பட்டுக் கைத்தோல் வெடித்தது.

நல்ல நாட்கள் என்று சொன்னால் அவைதான். சாயங்காலமானால் ஒன்று அவன் அங்கே, இல்லாவிட்டால் அவள் இங்கே. தேநீர், சாக்லேட் தடவிய பிஸ்கட். பாலீன் போன பிறகு க்ளைவ் அந்த பிஸ்கட்டை வாங்கியதே இல்லை, தனியாகத் தின்ன என்ன இருக்கிறது. கிரேவி பிரெண்டாவின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும். அதன் வால் கட்டைவிரல் பருமன். இந்தப் பல்லிகளின் சேமிப்பெல்லாம் வாலில்தான். ஆல்பர்ட்டின் வாலோ பென்சில் மாதிரி. தின்னும், ஆனால் வால் தேறாது. சமையலறைத் தராசில் வைத்து எடை பார்ப்பான். முள் அசையாது.

"பொறுமையா இரு. பட்டினி கிடந்த ஜீவன், ஏற நாளாகும்" என்பாள் பிரெண்டா. க்ளைவ் நம்பினான். நம்புவதற்கு அவனுக்கு வேறு என்ன இருந்தது?

ஆல்பர்ட் சில நாள் புழுவைத் தொடவே தொடாது. தொட்டிக்குள் இரவெல்லாம் ஊர்ந்து திரிந்த புழுக்களைக் காலையில் க்ளைவ் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி டப்பாவில் போடுவான். உயிரோடு நெளிகிறதை எறிவானேன்? அவனே கடையில் புழு வாங்கத் தொடங்கியதும் பிரெண்டாவின் டப்பாவைத் திருப்ப வேண்டி வந்தது. அந்தத் தெருவில் யாரும் யாருக்கும் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. க்ளைவின் அம்மா பக்கத்து வீட்டுத் தட்டைத் திருப்பும்போது ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு உருளைக்கிழங்காவது வைத்து அனுப்புவாள். க்ளைவ் மட்டும் வெறும் டப்பாவை நீட்டுவானா? இருந்ததிலேயே கொழுத்த புழுக்களை அப்படியே டப்பாவில் விட்டான். புதுத் தவிடு போட்டான், ஒரு துண்டு கேரட் வைத்தான். டப்பாவின் வெளிப்பக்கத்தைச் சோப்புப் போட்டுத் துடைத்தான். கையையும் கழுவிக்கொண்டான்.

"அட, நிறைச்சுல்ல கொண்டாந்திருக்க! உங்க அம்மா உன்ன நல்லாத்தான் வளத்திருக்காங்க" என்றாள் பிரெண்டா. கிரேவி அன்று சாயங்காலமே அதில் நாலைந்தை விழுங்கியது. க்ளைவ் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்துப் பார்த்தான்.

அதற்குப் பிறகுதான் ஆல்பர்ட் தின்றதையெல்லாம் கக்கத் தொடங்கியது. க்ளைவ் அதைக் காலுறையில் சுற்றி, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, தான் ஓட்டிய அதே பஸ்ஸில் பயணியாக ஏறி மிருக வைத்தியரிடம் போனான். டாக்டர் ஃபர்சானா மிர்சா சின்னப் பெண், கலகலப்பானவள்.

"எங்கப்பா ஊர் பக்கம் இதைக் கண்டா செருப்பைத் தூக்குவாங்க. நீங்க கோட்டுக்குள்ள வச்சுக் கொண்டு வரீங்க" என்று சிரித்தாள். வாலைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். எச்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். பிறகு ஒரு நாள் போன் செய்தாள்.

"மிஸ்டர் ஆர்மரோட், சொல்றதுக்குக் கஷ்டமா இருக்கு. குடல்ல ஒரு ஒட்டுண்ணி. உள்ள போயிருச்சுன்னா எடுக்க முடியாது. மெலிஞ்சுகிட்டே போகும், அவ்வளவுதான். அது ரொம்ப அவதிப்படறதுக்குள்ள ஊசி போட்டு ஒரேயடியாத் தூங்க வச்சிடறது நல்லது."

"மருந்து?"

"நம்பிக் கொடுக்கற மாதிரி ஒண்ணும் இல்லீங்க. இன்னொன்னு கேக்கணும். பயங்கரமாத் தொத்தும் இது. சோப்புக்கெல்லாம் சாகாது. வேற பல்லி ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"நான் வச்சுக்கலை. பக்கத்து வீட்டுல ஒண்ணு. ஆனா நான் கை கழுவாமப் போனதே இல்ல."

"ரொம்ப நல்லது. தண்ணிக் கிண்ணம், இடுக்கி, மிச்சப் புழு, இந்த மாதிரி உங்க தொட்டியிலேருந்து ஏதாச்சும் அங்க போச்சா?"

திருப்பிக் கொடுத்த டப்பா க்ளைவுக்கு ஞாபகம் வந்தது. கேரட் துண்டு வரை கண் முன்னால் வந்தது.

"மிஸ்டர் ஆர்மரோட்?"

"இல்ல. ஒண்ணும் போகலை."

எதற்காகப் பொய் சொன்னான் என்று அவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது. பயம்தான், வேறென்ன. சொன்னால் பிரெண்டா போய்விடுவாள், சாயங்காலமெல்லாம் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார வேண்டும் என்கிற பயம். கிரேவிக்குத் தொற்றாமலும் இருந்திருக்கலாம் இல்லையா? பார்த்துவிட்டுச் சொல்லலாம், அவளை வீணாக ஏன் கலவரப்படுத்த வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அவளிடம், டாக்டர் வயிற்றுக் கோளாறு என்கிறாள் என்று மழுப்பினான். ஆல்பர்ட்டைத் தூங்க வைக்கிற நாளையும் தள்ளிப்போட்டான். அது செத்தால் ஏன் செத்தது என்று கேட்பாளே.

அவளைத் தவிர்க்கத் தொடங்கினான். ஆல்பர்ட்டை நினைத்து மருகுகிறான் என்று எண்ணிக்கொண்டு, ஆட்டுக்கறிக் குழம்பு செய்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள் அந்தப் புண்ணியவதி. அதை அவனால் விழுங்க முடியவில்லை. "கிரேவி சாப்பிட்டாளா?" என்று சுவருக்கு மேலே கேட்பான். "ரெண்டு நாளா மந்தமா இருக்கா, குளிரு இல்ல" என்பாள் அவள். இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தபடியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே வந்தாள். கோட்டுகூடப் போடவில்லை. முகம் வீங்கியிருந்தது.

"கிரேவி வாலு வத்திப்போச்சு, க்ளைவ். ஆல்பர்ட் மாதிரியே குச்சியா ஆயிட்டா. வாயே திறக்க மாட்டேங்குறா. கூழாக் கரைச்சு, தாடையைப் பிரிச்சுப் பிரிச்சு ஊட்டுறேன். அத்தனையும் கக்கிடுறா." நாற்காலியில் விழுந்தாள். "நேத்து ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். அந்த முதல் டப்பா நான்தானே குடுத்தேன்? என் வீட்டுலேருந்துதானே உன் ஆல்பர்ட்டுக்கு வந்திருக்கும்? உனக்குச் சட்டம் பேசிட்டு நானே வியாதியைக் கொண்டாந்து குடுத்துட்டேன். என்ன மன்னிச்சிடு கண்ணு."

க்ளைவ் சும்மா இருந்திருக்கலாம். ஒரு தலையசைப்பு போதும். அவளே பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு அவன் கையையும் பிடித்திருந்தாள். அந்தப் பிடியைத்தான் அவனால் தாங்க முடியாமல் போயிற்று.

"நீ இல்ல பிரெண்டா. நான். டப்பாவைத் திருப்பிக் குடுத்தேனே, அதுல இருந்தது ஆல்பர்ட் தொட்டியில கிடந்த புழு. வீணாக்க வேண்டாம்னு பொறுக்கிப் போட்டேன்."

அவள் கையை உடனே எடுக்கவில்லை. "தெரியாமத்தானே செஞ்ச" என்றாள். குரல் உள்ளே போயிருந்தது. "எனக்கே தோணலையே, புழுவ வாங்கி வச்சுக்கிட்டேன்."

அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இது எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

க்ளைவ் தரையைப் பார்த்தான். "டாக்டரம்மா போன் பண்ணுன அன்னிக்கே. தொத்தும், மருந்தே இல்லன்னாங்க."

"அந்தக் குழம்பு கொண்டாந்து வச்சேனே, அதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

பிரெண்டா கையை எடுத்துக்கொண்டாள். கத்தவில்லை. பள்ளிக்கூடமே நடுங்கும் அந்தக் குரல் வரும் என்று அவன் காத்திருந்தான். வரவில்லை.

"பிழைக்காதுன்னு நீ சொல்லியிருந்தா அன்னிக்கே அமைதியாப் போயிருப்பா. தினம் தாடையைப் பிரிச்சேன் க்ளைவ். என் கையக் கண்டாலே ஓடி ஒளியுறா இப்போ. ஷேன் கையில வளந்தவ, கையக் கண்டா பயந்து ஓடுறா."

எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில், மிருக வைத்தியரிடம் போக அவள் வாசலில் டாக்ஸி நின்றது. கிரேவி இருந்த சின்ன அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பிரெண்டா ஏறினாள். கதவைத் திறந்துவிட ஆளில்லாமல் பெட்டியை முழங்காலில் தாங்கித் திறந்தாள். க்ளைவ் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தான். ஓடிப் போய்க் கதவைப் பிடிக்க அவனுக்கு முகமில்லை.

வண்டி போன பின்பு ஆல்பர்ட்டின் தொட்டியருகே வந்து உட்கார்ந்தான். அது கண்ணாடி ஓரத்துக்கு வந்து, தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு புழுவை எடுத்து நீட்டினான். ஆல்பர்ட் பாய்ந்து கவ்வியது. இன்னொன்று. அதையும் கவ்வியது. வந்த நாளிலிருந்து அவ்வளவு ஆசையாக அது தின்றதே இல்லை. மூன்றாவதற்காக அவன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றது. க்ளைவ் எடுத்துக் கொடுத்தான்.