பளபளத்த தட்டு

மேசை மேல் தட்டு இல்லை.

மூர்த்தி மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தான். க்ளோசப்புக்கென்று அவனே தயார் செய்த பிரியாணித் தட்டு. ஓரமாக வைத்துவிட்டு, கூப்பிட்டார்களே என்று லைட் ஸ்டாண்டை நகர்த்தப் போயிருந்தான். திரும்பி வந்தால் காலி மேசை.

"சார், இங்க ஒரு தட்டு இருந்துச்சே?"

"எல்லாத் தட்டையும் ஆளுங்களுக்குக் குடுத்தாச்சுப்பா," என்றார் உதவி டைரக்டர், கையிலிருந்த பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்தத் தட்டின் மேல் மூர்த்தி அடித்திருந்தது நெய் அல்ல, லாக்கர். செருப்புத் தோல் பளபளக்க அடிக்கிற விஷப் பூச்சு.

'ஏழாம் அடுப்பு' ஒரு ஓட்டல் சமையலறையைச் சுற்றி நடக்கும் டி.வி. தொடர். ஆம்பூருக்கு வெளியே மூடிக் கிடந்த ஒரு தோல் தொழிற்சாலையில் செட் போட்டிருந்தார்கள். வாடகை கம்மி, கூரை உயரம். தொழிற்சாலை ஓடிய காலத்தில் மூர்த்தி இங்கே ஃபினிஷிங் செக்‌ஷனில் ஸ்ப்ரே கன் பிடித்தவன். இப்போது அதே ஷெட்டில் ஆர்ட் டிபார்ட்மென்ட் எடுபிடி. விளக்குச் சூட்டில் பிரியாணி காய்ந்து போகிறது, எண்ணெய் தடவினால் உள்ளே இறங்கிவிடுகிறது என்று டைரக்டர் நேற்று புலம்பினார். மூர்த்திக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. பழைய ஸ்ப்ரே கன்னைத் துடைத்து, லாக்கரை ஒரே ஒரு கோட் அடித்தான். தட்டு கண்ணாடியாக மின்னியது. டைரக்டர் அவன் தோளில் தட்டிக் கொடுத்தார்.

இன்று அதே போல் இன்னொன்று. ஆனால் காட்சி மாறிவிட்டது. ஓட்டல் சாத்திய பிறகு வேலையாட்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். "நடிக்க வேணாம், நிஜமாவே சாப்பிடுங்க," என்று டைரக்டர் சொல்லியிருந்தார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் இங்கே தோல் வேலை பார்த்து, தொழிற்சாலை மூடியதும் நின்றுபோனவர்கள். விடிந்ததிலிருந்து காலி அண்டாவைத் தூக்கித் தூக்கி வைத்துக் களைத்தவர்கள். தட்டுகளின் மேல் கத்திரிக்காய்க் குழம்பு வேறு ஊற்றியாகிவிட்டது. எண்ணெய் மிதக்க எல்லாத் தட்டுகளும் ஒரே மாதிரி மின்னின.

"ஆக்‌ஷன்!"

கைகள் தட்டுக்கும் வாய்க்கும் போய் வந்தன.

"வாயில வைக்காதீங்க!"

"கட்! எவன்யா அது?"

மூர்த்தி விளக்கு வெளிச்சத்துக்குள் ஓடினான். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னான். டைரக்டரின் முகம் வெளுத்தது.

"எல்லாத்தையும் கொட்டுங்க!"

"கொட்டலாம் சார். ஆனா எல்லாரும் ஒரு வாய் போட்டாச்சு. யாருன்னு தெரிஞ்சாத்தானே ஆஸ்பத்திரிக்குத் தூக்க முடியும்?"

ஒரு தட்டை எடுத்து முகர்ந்தான். ஒன்றும் தெரியவில்லை. அடுத்தது. அதிலும் இல்லை. லாக்கரில் கலக்கும் தின்னரிலேயே ஊறிய மூக்கு. அவனுக்கு மட்டுமா?

"இன்னா மூர்த்தி, நம்ம எல்லாருக்கும் மூக்கு எப்பவோ ரிடையராயிடுச்சே," என்றான் ஒருவன்.

மூர்த்தி திரும்பினான். மூலை நாற்காலியில் கதாநாயகி பாரதி. சென்னையிலிருந்து வந்த நாள் முதல் மூக்கிலிருந்து கர்ச்சீப்பை எடுக்காதவள். "மேடத்துக்கு நம்ம ஊரு சென்ட் பேஜாரா இருக்குதாம்" என்று அவள் காதுபடவே ஆட்கள் கிண்டல் செய்திருந்தார்கள்.

"மேடம், உங்க மூக்கு வேணும்."

பாரதி அவனை ஒரு கணம் பார்த்தாள். கர்ச்சீப்பை மடியில் போட்டுவிட்டு எழுந்தாள். ஷெட்டின் பழைய தோல் நாற்றம் முகத்தில் அறைந்திருக்க வேண்டும். கண்ணில் நீர் கட்டியது. வரிசையின் முன் மண்டியிட்டு, தட்டு தட்டாக முகர்ந்துகொண்டே போனாள்.

"இதுல இல்ல... இதுலயும் இல்ல..."

கடைசியில் வேலாயுதம். மூர்த்தியோடு ஒரே ஷிஃப்ட் பார்த்த சிநேகிதன். அவன் தட்டு காலி.

"அண்ணே, சாப்ட்டுட்டியா?"

"சாப்ட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"பசி. அதுக்கு இன்னா இப்ப?"

மூர்த்தி வாசல் பக்கம் திரும்பிக் கத்தினான். "வண்டிய எடுங்க! அண்ணே, எந்திரி, ஆஸ்பத்திரி போலாம்."

"எனக்கு ஒண்ணுமில்ல, உடுப்பா."

"இப்ப ஒண்ணும் தெரியாது. வா சொல்றேன்!"

கையைப் பிடித்து இழுத்தான். வேலாயுதம் அசையவில்லை. அவன் விரல்களில் ஒரு பருக்கைகூட ஒட்டியிருக்கவில்லை. பாரதி அதைக் கவனித்தாள். குனிந்து அந்தக் கையை முகர்ந்தாள். பிறகு, அவன் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஒயர் பையை.

அவள் வாயைத் திறக்குமுன் வேலாயுதம் அவளைப் பார்த்தான். பாரதி குரலைத் தாழ்த்தினாள்.

"இவர் சாப்பிடல. அந்த வாசனை பையிலதான் இருக்கு."

மூர்த்தி பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தான். மூடியைத் திறந்தால், உள்ளே பிரியாணி அழுத்தி அடைத்திருந்தது.

"லைட் போட்டுக்கினு இருந்தாங்கல்ல, அப்ப எடுத்தேன்," என்றான் வேலாயுதம் தரையைப் பார்த்து. "வீட்ல சின்னவ பிரியாணி கேட்டுக்கினே இருந்தா."

"அதச் சொல்றதுக்கு இன்னாண்ணே? ஆஸ்பத்திரி வரைக்கும் வாயத் தொறக்காமலே வந்திருப்பியா?"

"வந்திருப்பேன்."

மூர்த்தி அந்தப் பிரியாணியைக் குழி தோண்டிப் புதைத்தான். நாய்கூடத் தின்றுவிடக் கூடாது. குழாயடியில் உட்கார்ந்து சோப்பும் சாம்பலும் போட்டு டிபன் பாக்ஸைத் தேய்த்தான். தேய்த்துவிட்டு நீட்டினான்.

பாரதி முகர்ந்தாள். "இருக்கு."

மறுபடி சோப்பு. மறுபடி சாம்பல்.

"இப்ப?"

"இன்னும் லேசா."

உள்ளேயிருந்து டைரக்டரின் குரல் வந்தது. "மூர்த்தி! க்ளோசப் பாக்கி இருக்குய்யா. அதே பளபளப்பு வேணும்!"

மூர்த்தி எழுந்து போய், ஸ்ப்ரே கன்னைக் குழாயிலிருந்து கழற்றி, லாக்கர் டப்பாவோடு டைரக்டரின் காலடியில் வைத்தான். "இனிமே இத நான் அடிக்க மாட்டேன் சார். வேற ஆள் வெச்சிக்கங்க." சண்டை போடத் தெம்பில்லாத குரலில் சொன்னான். பதிலுக்கு நிற்காமல் குழாயடிக்குத் திரும்பினான்.

பாரதி பாக்ஸை மூக்கருகில் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"சோப்பு வாசனை மட்டும்தான்."

யூனிட் சாப்பாட்டு அண்டாவில் பிரியாணி மிச்சமிருந்தது. மூர்த்தி பாக்ஸை நிரப்பினான். மூடுவதற்கு முன், எதற்கும் இருக்கட்டும் என்று, மறுபடி அவளிடம் நீட்டினான்.