பதிவு எண் வருவதற்கு முன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு இலவசமாகக் கிடைத்தது. தில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் நலச் சங்கம் இலவச மருத்துவ முகாம் நடத்தியது. ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளலாமே என்று போய் வரிசையில் நின்றேன். அழுத்தம் கூடிப்போய் வீடு திரும்பினேன். அன்றிலிருந்து எழுதுகிறேன், அடிக்கிறேன், மறுபடி எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: ‘டாக்டர் தமிழ்செல்வி தன் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு...’

இல்லை. கோட்டு இருக்கிறது. டாக்டர் என்று போட்டுக்கொள்ளத்தான் இன்னும் உரிமை இல்லை. கிர்கிஸ்தானில் மருத்துவம் படித்தாள். வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தேர்வை முட்டி மோதி நான்காம் முறை தாண்டினாள். அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சிக் காலத்தையும் முடித்தாள். இப்போது மாநில மருத்துவ கவுன்சிலில் விண்ணப்பித்துவிட்டுப் பதிவு எண்ணுக்காக உட்கார்ந்திருக்கிறாள். (உட்கார்ந்திருக்கிறாள் என்பது பொய். பால் வாங்கப் போனாலும் போனில் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டே போகிறாள்.)

எண் வருவதற்குள் யாருக்காவது வைத்தியம் பார்த்து, அது புகாராகப் போனால் அத்தனையும் போச்சு. தில்லியில் போலி டாக்டரை ‘ஜோலாசாப்’ என்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தாலே அவள் வேறு பக்கம் நடந்துவிடுவாள்.

2

ஜனவரி ஞாயிறு. முகாமுக்கு வரவேண்டிய டாக்டர் பனிமூட்டத்தில் நொய்டாவிலேயே மாட்டிக்கொண்டார். (கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று முதலில் அவரைக் குடிகாரராக எழுதியிருந்தேன். பாவம், பனிதான் காரணம்.) தமிழ்செல்வி டோக்கன் கொடுக்க மட்டும் வந்தவள். சங்கச் செயலாளர் ஜோதிலிங்கம் கையில் போனோடு அவளிடம் வந்தார்.

“ஜல்தி உட்காரும்மா. நாற்காலி சும்மாதானே கெடக்கு? ஒரு போட்டோ எடுத்து குரூப்ல போட்டுடறேன்.”

“வேண்டாம் அங்கிள். எனக்கு நம்பர் இன்னும் வரல.”

“நம்ம சங்கத்துல யாரும்மா கேக்கப் போறா?”

மாட்டேன் என்று தலையாட்டியபோதுதான் வரிசையில் வேலம்மாளைப் பார்த்தாள். எங்கள் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்க்கிறவள். அந்தக் குளிரிலும் அவள் கழுத்தெல்லாம் வியர்வை.

“என்னக்கா பண்ணுது?”

“பல்லு வலி கண்ணு. தாடையெல்லாம் இழுக்குது, நெஞ்சும் கரிக்குது. ஒரு மாத்திர குடுத்தாங்கன்னா வேலைக்குப் போயிருவேன்.”

தமிழ்செல்விக்குத் திக்கென்றது. இது பல்வலி இல்லை, மாரடைப்பாகத்தான் இருக்கும்.

“அக்கா, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் ஆட்டோ கூப்பிடுறேன்.”

வேலம்மாள் சிரித்தாள். “நேத்து முட்டி வலிக்கு மருந்து கேட்டப்ப, ‘நான் இன்னும் டாக்டர் இல்லக்கா’ன்ன. இன்னிக்கு மட்டும் டாக்டரா? மேம்சாப் வீட்ல விருந்து. போவலன்னா வேற ஆளு வெச்சிருவாங்க. அந்த நாற்காலில உக்கார்ற டாக்டரு வரட்டும், அவரு சொன்னா போறேன்.”

தமிழ்செல்விக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நாற்காலியில் உட்கார்ந்தால் வேலம்மாள் கேட்பாள். உட்கார்ந்தால் ஜோதிலிங்கம் படம் எடுப்பார்.

3

முடிவு அ: தமிழ்செல்வி கெஞ்சுகிறாள், வேலம்மாள் மனம் இளகுகிறாள். படித்துப் பார்த்தேன். கெஞ்சினால் கேட்கிற ஆளா வேலம்மாள்? அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: பனி விலகுகிறது, அசல் டாக்டர் காரில் வந்து இறங்குகிறார். சினிமா.

முடிவு இ: தமிழ்செல்வி நாற்காலியை இழுத்து, ஸ்டெதஸ்கோப்பைக் கையில்

இங்கேதான் என் கை நின்றது. இது அச்சில் வந்தால் யார் யார் படிப்பார்கள்? பெயரை மாற்றியிருக்கிறேன், படித்த நாட்டைக்கூட மாற்றியிருக்கிறேன். ஆனாலும் கவுன்சிலில் தமிழ் தெரிந்த ஒரு குமாஸ்தா இருக்கமாட்டாரா? எனக்குக் கதையின் ஒரு வரி, அவருக்கு அது வாக்குமூலம்.

ஆகவே எழுதக்கூடியதை மட்டும் எழுதுகிறேன். வேலம்மாள் ஆட்டோ ஏறினாள். ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இருந்திருக்கமாட்டாள் என்றார்களாம். பிழைத்துவிட்டாள். அன்று சங்கத்தின் குரூப்பில் ஒரு படமும் வரவில்லை. தமிழ்செல்விக்குப் பதிவு எண்ணும் இன்னும் வரவில்லை.

யார் சொல்லி ஏறினாள் என்பது வரிசையில் நின்ற எங்கள் எல்லோருக்கும் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். யாராவது கேட்டால், அந்த ஆள் கதையைப் பாதியில் விட்டுவிட்டான் என்று சொல்லிவிடுங்கள்.