இரண்டு கோட்டுக்கு அடியில்

வெளிநாட்டில் என்ன பார்த்தீர்கள் என்று யார் கேட்டாலும், மேஸ்திரி சுவர் பார்த்தேன் என்றுதான் சொல்வார். கேட்டவர் சிரிப்பார். மேஸ்திரி சிரிக்க மாட்டார். அவர் மனைவி மட்டும் அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்.

"நம்ம வீட்லயும் நாலு சுவர் இருக்கு. அதைப் பாக்க பிளேன் ஏறணுமா?"

அவளுடைய கோபத்தில் நியாயம் உண்டு. மனுஷன் எடுத்து வந்த எண்பத்தாறு படங்களில் எழுபது, சுவரும் கதவு நிலையும் சேர்கிற மூலைகள். மிச்சம் பதினாறு சாப்பாட்டு மேஜையில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் சக கான்ட்ராக்டர்கள்.

அது பெயின்ட் கம்பெனிக்காரர்கள் அழைத்துப் போன பயணம். டப்பா மூடிக்குள் ஒரு கூப்பன் இருக்கும். அதிகம் சேர்த்து அனுப்பிய நாற்பது கான்ட்ராக்டர்களுக்கு ஐந்து நாள் வெளிநாடு. டப்பா திறக்கும்போதெல்லாம் கூப்பனைத் துடைத்து எடுத்து, பிஸ்கட் டின்னில் போட்டுச் சேர்த்தது மேஸ்திரி இல்லை, கண்ணாடி.

கண்ணாடி என்பது ஆள். பத்தொன்பது வருஷமாக மேஸ்திரியிடம் பட்டி பார்க்கிறவர். சுவரின் மேடு பள்ளங்களைப் பட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்கிற வேலை அது. பெயின்ட் ஏறியதும் அந்த வேலை மறைந்துபோகும். பேர் வாங்குவது மேலே அடித்த கலர். இவர் தேய்த்த சுவர் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று யாரோ ஒருநாள் சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. இன்னும் இரண்டு பேர் உண்டு. குச்சி நல்ல உயரம், அதனால் சீலிங் அவர் பொறுப்பு. ரேடியோ காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவார்.

பரிசை அறிவித்த கூட்டத்தில் மேஸ்திரிக்கு மாலை போட்டு மைக்கைக் கொடுத்தார்கள். மைக் கைக்கு வந்தால் சிலருக்குத் தலைகால் புரியாது. "இது எல்லாமே என் ஒத்தைக் கை உழைப்பு" என்று ஒரு போடு போட்டார். நாற்காலி கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டிருந்த மூன்று பேரும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை, உப்புத்தாளை மடித்துக்கொண்டே கண்ணாடி சொன்னார். "மேஸ்திரி, மாசக் கடைசியோட நின்னுக்கறேன். வேற ஒரு பெரிய இடத்துல கூப்புடுறாங்க."

"கூலி பத்தலையா?"

"கூலியைப் பத்திப் பேச்சே இல்ல."

"அப்புறம் என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. நீங்க நல்லபடியா போய்ட்டு வாங்க."

ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொள்கிற ரகம் மேஸ்திரி. வந்து பேசிக்கொள்ளலாம் என்று பெட்டியைக் கட்டிவிட்டார். ஆனால் பிளேனில் ஏறியதிலிருந்து அந்த ஒண்ணுமில்ல உறுத்திக்கொண்டே இருந்தது. கண்ணாடி போய்விட்டால் தன் தொழிலில் பாதி போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அதை யாரிடமும், முக்கியமாகக் கண்ணாடியிடம், அவர் சொன்னதில்லை.

ஹோட்டல் அறைக்குள் நுழைந்ததும் கூட வந்தவர் ஜன்னலுக்கு ஓடினார். மேஸ்திரி சுவருக்குப் போனார். உள்ளங்கையால் தடவினார். போனில் டார்ச்சைப் போட்டுச் சுவரோடு ஒட்டிப் பிடித்தார். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் எப்பேர்ப்பட்ட சுவரும் தன் குறையைக் காட்டிக்கொடுத்துவிடும். இது காட்டிக்கொடுக்கவில்லை. நாற்காலி போட்டு ஏறிக் கதவின் மேல் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். யார் கண்ணும் படாத அந்த இடத்திலும் இரண்டு கோட் பெயின்ட் இருந்தது.

"யாருய்யா இவன்?" என்றார்.

"எவன்?" என்றார் அறைத் தோழர்.

"இதை அடிச்சவன்."

அவன் இல்லை, அவள். நான்காம் நாள் காலை எல்லோரும் படகுச் சவாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, கீழ்த்தளத்திலிருந்து பெயின்ட் வாசம் வந்தது. மேஸ்திரி படகை விட்டுவிட்டு வாசத்தின் பின்னால் போனார். நீளமான தாழ்வாரத்தில் ஏணி மேல் ஓர் அம்மாள். நரைத்த தலையில் துணி கட்டியிருந்தாள். கூரையோரமாக பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் ஒரு கோடு இழுத்தாள். டேப் ஒட்டவில்லை, கையும் ஆடவில்லை. மேஸ்திரிக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பது வருஷம் தொழில் செய்தவர். அப்படி ஒரு கோட்டை அவர் இழுத்ததில்லை, அதை ஒப்புக்கொள்ள அவருக்கு வெட்கமும் இல்லை.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அவர் ஜன்னலோரம் கடுகளவு ஒரு மேட்டைக் காட்டினார். அவள் பார்த்தாள், ஏணியிலிருந்து இறங்கினாள், உப்புத்தாளை அவர் கையில் கொடுத்தாள். பெயின்ட்காரருக்கு இதைவிட மரியாதை ஏது? இஸ்திரி போட்ட டூர் சட்டையோடு மேஸ்திரி ஒரு மணி நேரம் தேய்த்தார். அவளிடம் வேலை செய்த இரண்டு ஆண்கள் அவர் தேய்ப்பதை நின்று பார்த்து, ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

கடைசி கோட் அடிப்பதற்கு முன்னால் அவள் ஒரு காரியம் செய்தாள். பென்சிலை எடுத்துச் சுவரில் தன் பெயரை எழுதினாள். அவளுடைய ஆட்களில் பட்டி தேய்த்தவர் தன் பெயரை எழுதினார். கலர் கலக்கியவர் தன் பெயரை எழுதினார். அதன் மேல்தான் பெயின்ட் அடிப்பார்களாம், கையை அசைத்துக் காட்டினாள். வெளியே யாருக்கும் தெரியாது, சுவருக்குத் தெரியும். பென்சிலை மேஸ்திரியிடம் நீட்டினாள். அவர் தமிழில் எழுதினார். மூன்று பேரும் அந்த எழுத்தின் சுழிகளை விரலால் காற்றில் எழுதிப் பார்த்து மகிழ்ந்தார்கள்.

பிறகு அவள் தன் ஆட்களைக் காட்டி, அவரைக் காட்டி, கையை விரித்தாள். உன் ஆட்கள் எத்தனை பேர்? மேஸ்திரி மூன்று விரலைக் காட்டினார். எழுது என்று சைகை செய்தாள்.

மேஸ்திரி 'க' என்று எழுதி நிறுத்தினார். கண்ணாடி என்பது பெயரா? பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன? போனை எடுத்துத் தேடினார். கண்ணாடி, குச்சி, ரேடியோ. கண்ணாடியின் மகள் கல்யாணத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தவர். அந்தப் பத்திரிகையில்கூட மண்டபத்தின் விலாசத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார். காது மடல் சூடாகிவிட்டது. அந்த ஓர் எழுத்தைக் கட்டைவிரலால் அழித்தார். முடித்துவிட்டார் என்று நினைத்து அவள் ரோலரை உருட்டினாள். அவர் பெயர் மட்டும் தனியாக உள்ளே போனது. மைக்கைப் பிடித்து ஒரு தடவை, பென்சிலைப் பிடித்து இன்னொரு தடவை.

ஊர் திரும்பியபோது மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. ஒரு வீட்டின் ஹாலில் வேலை முடியும் தறுவாய். கண்ணாடி தேய்த்த சுவர், முதல் கோட் காய்ந்து நின்றது. மேஸ்திரி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார். அந்த ஹோட்டல் சுவருக்கு இது எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை. பத்தொன்பது வருஷம் பக்கத்திலேயே இருந்ததைப் பார்க்க ஐந்து நாள் எங்கேயோ போய்வர வேண்டியிருந்தது.

பையிலிருந்து பென்சிலை எடுத்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். ரேடியோகூடக் குறுக்கே பேசவில்லை. மேஸ்திரி பென்சிலைக் கண்ணாடியிடம் நீட்டினார்.

"இந்தாப்பா, உன் பேரை எழுது."

"வீட்டுக்காரங்க பாத்தா வைவாங்க மேஸ்திரி."

"மேல ரெண்டு கோட் போடப் போறோம். எழுது. உன் பேர் எனக்குத் தெரியாதுப்பா. இத்தனை வருஷமாத் தெரியாது."

கண்ணாடி அவரை நேராகப் பார்த்தார். "உங்க பேர் எனக்குத் தெரியும் மேஸ்திரி. போர்டுல போட்டிருக்கே."

அந்த அடி மேஸ்திரிக்கு நன்றாகவே உறைத்தது.

"அன்னைக்கு மைக்ல சொன்னது தப்பு. ஒத்தைக் கை இல்ல. உன் கையில்லாம எனக்கு ஒரு சுவரும் இல்ல. நீ போறதுன்னா போ, தடுக்கல. எழுதிட்டுப் போ."

கண்ணாடி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுதினார். குச்சி எழுதினார். ரேடியோ தன் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்து எழுதினார். மேஸ்திரி ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். என்ன பெயர்கள் என்று கேட்காதீர்கள். அந்த ஹாலின் சுவரில், இரண்டு கோட்டுக்கு அடியில் இருக்கின்றன. அன்று சாயங்காலமே போனிலும் மாற்றி எழுதிக்கொண்டார்.

மாசம் முடிந்தது. கண்ணாடி கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் புது வீட்டில் வேலை ஆரம்பம். மேஸ்திரி காலைக் காபியோடு உட்கார்ந்து, பட்டிக்கு யாரைப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஏழரை மணிக்குப் போன் அடித்தது. திரையில் ஏதோ ஒரு பெயர். தெரியாத ஆள் என்று நினைத்து எடுக்காமல் விட்டார். மறுபடி அடித்தது.

"யாருங்க அது, எடுத்துத்தான் பாருங்களேன்" என்றாள் மனைவி.

மேஸ்திரி இன்னொரு தடவை அந்தப் பெயரைப் படித்தார். அந்த ஹாலின் சுவரில் முதலில் எழுதின பெயர். எடுத்துக் காதில் வைத்தார்.

"மேஸ்திரி, புது வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு? நான் ஏழு மணியிலேருந்து வாசல்ல நிக்கிறேன்."