பதினேழாம் நம்பர் வெல்டர்

மேசைமேல் கிடந்த இரும்புத் துண்டில் என் நம்பர் இருந்தது. பதினேழு. பக்கத்தில் வெல்டிங் வாயைப் பிளந்து கிடந்தது.

"உங்க நம்பர்தானே, விஜயராணி?" என்றார் நிஷா. வெளிநாட்டுக் கம்பெனியின் சென்னை ஆபீசிலிருந்து தரம் பார்க்க வருபவர். துவாக்குடியில் எங்கள் பட்டறை செய்யும் பிராக்கெட்டெல்லாம் அவர்கள் ஆலைகளுக்குத்தான் போகிறது. அங்கே நீராவிக் குழாயைத் தாங்க வேண்டும். இது தாங்கவில்லை. குழாய் விழுந்து, கீழே நின்ற ஒருவருக்கு இரண்டு காலும் வெந்துவிட்டதாம்.

பதினோரு வருஷத்தில் என் வேலை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. வெல்டிங் செய்தவர் பக்கத்திலேயே தன் நம்பரை அடித்துவிட வேண்டும், அதுதான் எங்கள் தொழிலின் சட்டம். நம்பர் ரத்தானால் இந்த வட்டாரத்தில் எந்தப் பட்டறையும் உள்ளே விடாது.

துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

"மேடம், நம்பர் என்னுது. வேலை என்னுது இல்ல. நான் இடது கைக்காரி. என் வெல்டிங் வரி வலப்பக்கம் ஆரம்பிச்சு இடப்பக்கம் போகும். இது அப்படியே மாறிப் போகுது, பாருங்க. தேதி என்ன போட்டிருக்கு?"

மார்ச் ஒன்பது. அன்று நான் சமயபுரத்தில் பூச்சொரிதல் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று நாள் லீவு. நம்பர் பொறிக்கும் இரும்பு அச்சை எந்த வெல்டரும் கைவிட்டுத் தர மாட்டார். "கூட்டத்துல தொலைஞ்சா வம்பும்மா, ஆபீஸ்ல குடுத்துட்டுப் போ" என்று முதலாளி லக்ஷ்மணன் சொன்னார், கொடுத்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மேசையருகே நின்ற லக்ஷ்மணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவசர ஆர்டர். வெளியில செய்ய வெச்சேன். உன் நம்பர் இருந்தாத்தான் செக் பண்ணாம எடுத்துக்குறாங்க."

நிஷா அதிர்ந்துபோவார் என்று நினைத்தேன். அவரோ பஸ் லேட் என்று கேட்டவர்போலத் தலையாட்டினார். பிறகு ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். விபத்துக்குக் காரணம் பதினேழாம் நம்பர் வெல்டரின் கவனக்குறைவு என்று ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்தது.

"நீங்க சொல்றது உண்மைதாங்க. ஆனா ஒரு வெல்டர் தப்புன்னா ஒரு துண்டோட போயிடும். பட்டறை தப்புன்னா மொத்த லாட்டையும் கழட்டணும். ஆலையே நிக்கும்."

இப்படியும் மனுஷர் உண்டா?

"கையெழுத்தப் போட்டுடு, ராணி," என்றார் லக்ஷ்மணன். "சம்பளம் நிக்காது. பெயிண்ட் செக்ஷன்ல இருந்துக்கோ."

நான் நிஷாவையே பார்த்தேன். "அந்த லாட்டுல மொத்தம் எத்தனை பிராக்கெட், மேடம்?"

"நூத்தி எண்பது."

"எங்க இருக்கு?"

"மாட்டியாச்சு. ஓடிட்டிருக்கு."

பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், 'நான் செய்யவில்லை, மீதி நூற்று எழுபத்தொன்பதையும் இன்றே கழற்றுங்கள்' என்று பெரிதாக எழுதினேன்.

நிஷா அதை நிதானமாகப் படித்தார். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். என் நம்பர்மேல் பழி போட்ட அதே தாளின் இன்னொரு பிரதியை எடுத்து லக்ஷ்மணன் முன்னால் வைத்தார்.

"வெல்டர் போடலைன்னா ஓனர் போடலாம், சார்."

அவர் போட்டார்.